ராஜேஷ்குமார் இளைத்த கதை

கடந்த தீபாவளி முடிந்த கையோடு எங்கள் கம்பெனியில் மருத்துவ முகாம் நடந்தது. மதுரையை அடுத்த கப்பலூர் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்யும் சிறிய கம்பெனி அது. இனிப்புக் கடைகளுக்குப் போகும் பெட்டிகள்தான் எங்களுக்கு முக்கிய வேலை. நான் சரக்கு ஏற்றி அனுப்பும் பிரிவில் சூப்பர்வைசர். பெயர் அழகுபாண்டி. ஆளைப் பார்க்காமல் வைத்த பெயர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முகாமுக்கு நான் போனது உடம்பின் மேல் கொண்ட அக்கறையால் அல்ல. ரத்தம் கொடுத்தவர்களுக்கு ஜூஸ் உண்டு என்று யாரோ சொன்னார்கள். ஜூஸ் வரவில்லை. பதிலுக்கு எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்ற செய்தி வந்தது.

"இப்பத்தான் எட்டிப் பாக்குது. மாத்திரை வேண்டாம். சாப்பாட்ட மாத்துங்க, நடங்க. தை மாசம் திரும்ப வாங்க, பாப்போம்" என்றார் டாக்டரம்மா. எனக்கு அடுத்து நின்ற ராஜேஷ்குமாரிடமும் அதையே சொன்னார். ராஜேஷ்குமார் அச்சுப் பிரிவில் வேலை பார்ப்பவன். என்னைவிட இளையவன், அண்ணே அண்ணே என்று என்மேல் மரியாதையாக இருப்பவன். அந்த மரியாதைக்கு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அன்று சாயங்காலம் ஆனையூரில் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதுமே, ஏதோ விருது வாங்கி வந்தவனைப்போல விஷயத்தை நாகஜோதியிடம் சொன்னேன். "ஒன் புருசனுக்கு இனிப்பு நோய் வந்திருக்கு. கொஞ்சம் மரியாதையா நடத்து."

நாகஜோதி என் மனைவி. முன்னறையில் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறாள். பனிக்காலம்தான் அவளுக்கு ஓய்வே இல்லாத காலம். கார்த்திகையில் கல்யாண பிளவுஸ், மார்கழியில் பொங்கலுக்கான துணி, தையில் மறுபடி கல்யாணம். நான் சொன்னதைக் கேட்டதும் அவள் சிரிக்கவில்லை. மெஷினிலிருந்து எழுந்து அடுப்படிக்குப் போனாள். சீனி டப்பாவை எடுத்து வந்து பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

"இனி இந்த வீட்டுல மூணு பேருக்கும் ஒரே சாப்பாடுதான்" என்றாள்.

"ஒனக்கு எங்க நேரம் இருக்கு? துணி மூட்டை மூட்டையாக் கெடக்கு."

"நேரத்த நான் பாத்துக்கிறேன். நீங்க வாயப் பாத்துக்கங்க."

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டு அடுப்பு சூரியனுக்கு முன்னால் எரியத் தொடங்கியது. உழவர் சந்தையிலிருந்து கட்டுக் கட்டாகக் கீரை வந்தது. அரிசிக்குப் பதிலாகக் குதிரைவாலி, சாமை, வரகு. கொள்ளுத் துவையல், சுரைக்காய்க் கூட்டு, பாகற்காய். சளிக்குத் தூதுவளை ரசம். கல்லூரிக்குப் போகும் எங்கள் மகள் கயல் முதல் நாள் முகத்தைச் சுளித்தாள்; மூன்றாம் நாள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கு மட்டும் அந்தப் பக்குவம் வரவில்லை. கல்யாணப் பந்தியில் மூன்றாவது முறை பாயசம் கேட்கக் கூசாதவன் நான். அப்படிப்பட்டவன் குதிரைவாலிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த காட்சியை நினைத்து எனக்கே என்மேல் இரக்கம் பொங்கியது. இத்தனைக்கும் அந்தச் சாப்பாடு ருசியாக இருந்ததா இல்லையா என்று நான் கவனிக்கவே இல்லை. அது நல்லது என்று சொல்லிவிட்டார்கள். எனக்குப் பிடிக்காமல் போக அது ஒன்று போதும்.

கம்பெனியில் மதியம் நானும் ராஜேஷ்குமாரும் குடோனுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் சாப்பிடுவோம். அவன் சௌராஷ்டிரக் குடும்பம். காமராசர் சாலைப் பக்கம் வீடு. அவன் மனைவி ஹம்சவேணியின் கைப்பக்குவம் எங்கள் கம்பெனி முழுக்கப் பிரசித்தம். கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை அவன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். உள்ளே புளியோதரை. எண்ணெய் மினுங்க, வறுத்த நிலக்கடலை மேலே தூவியிருந்தது. பக்கத்துக் கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல்.

"என்னப்பா, கைய வைக்கல?"

"எப்பிடிண்ணே வைக்கிறது? டாக்டரம்மா சொன்னத நான் வீட்டுல சொல்லல. ஹம்சாவோட அப்பா சர்க்கரையிலதான் போனாரு. சொன்னா அவ பயந்துருவா. ராவெல்லாம் தூங்க மாட்டா." டப்பாவை லேசாகத் தள்ளினான். "கொட்டவும் மனசு வரல. பெருமாள் கோயில் பிரசாதம்ணே."

"பிரசாதத்தக் கொட்டக் கூடாதுப்பா" என்றேன். அப்படியொரு பக்தி அதற்குமுன் என் குரலில் வந்ததில்லை.

"அப்ப என்னண்ணே செய்ய?"

"எங்க வீட்டுச் சாப்பாட்ட நீ சாப்புடு. டாக்டரம்மா சொன்ன மாதிரியே இருக்கும். இத... இத நான் எப்பிடியாச்சும் பாத்துக்கிறேன்."

"ஒங்களுக்கும் சர்க்கரை இருக்கேண்ணே."

"எனக்கு ஒன்ன மாதிரி இல்லப்பா. எனக்கு லேசுதான்."

அவனுக்கும் எனக்கும் ஒரே அளவுதான் சொல்லியிருந்தார்கள். அதை அவன் மறந்துவிட்டான். நான் மறக்கவில்லை.

"அண்ணி ஒண்ணும் நெனைக்க மாட்டாங்களா?"

"ஜோதிகிட்டச் சொல்லிக்கிறேன். அவ சந்தோசப்படுவா."

அவன் கண் கலங்கிவிட்டது. தன் உடம்பைப் பெரிதாக நினைக்காமல் ஒரு தம்பிக்காகச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடும் அண்ணன் யாருக்கு வாய்ப்பான்? நானும் கொஞ்சம் தியாகம் செய்தவனைப்போல முகத்தை வைத்துக்கொண்டு கிண்ணத்தை வழித்தேன்.

அது ஒரு நாளோடு நிற்கும் என்றுதான் நினைத்தேன். திங்கட்கிழமை அவன் டப்பாவில் உருளைக்கிழங்கு வறுவல் இருந்தது. பிரசாதம் அல்ல என்றாலும் சாப்பாட்டை வீணாக்குவது தப்பல்லவா? மார்கழி பிறந்ததும் ஹம்சவேணி விடியற்காலை பஜனைக்குப் போக ஆரம்பித்தாள். தினமும் கோயிலிலிருந்து பொங்கல் வந்தது. ஒருநாள் வெண்பொங்கல், ஒருநாள் சர்க்கரைப் பொங்கல், ஒருநாள் இரண்டும். அந்த மார்கழியில் மதுரையில் என்னைப்போல் பெருமாளின் அருளை உள்ளே வாங்கியவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள்.

வீட்டில்தான் சிக்கல் வந்தது. சாயங்காலம் டப்பாவைக் கழுவும்போது நாகஜோதி கேட்டாள். "கீரை எப்பிடி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"என்ன கீரை சொல்லுங்க பாப்போம்."

"பச்சையா இருந்துச்சே, அது."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் எனக்கு வேர்த்துவிட்டது. மறுநாளிலிருந்து சாப்பிட்டு முடித்ததும் ராஜேஷ்குமாரிடம் விவரம் கேட்டுக்கொள்வேன். பொறுமையாக, ரசித்துச் சாப்பிடுகிறவன் அவன். "அகத்திக்கீரையில கசப்பே தெரியலண்ணே, பாசிப்பருப்பு போட்டது நல்ல யோசனை" என்பான். "துவையல்ல பூண்டு ஒரு பல்லு கொறைக்கலாம்." "வரகு இன்னைக்கு உதிரி உதிரியா இருக்கு." அதையெல்லாம் நான்குவழிச் சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டே மனப்பாடம் செய்வேன். வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பிப்பேன்.

நாகஜோதிக்கு முகம் மலர்ந்துவிடும். "கல்யாணமாகி இம்புட்டு வருசத்துல இப்பத்தான் ஒங்களுக்கு நாக்கு வந்திருக்கு" என்பாள். பூண்டைக் குறைப்பாள். மறுநாள் இன்னும் சிரத்தையாகச் செய்வாள். அப்போதெல்லாம் எனக்குள் ஏதோ உறுத்தும். அடுத்த நாள் பொங்கலில் முந்திரி கூடுதலாக விழுந்திருந்தால் அந்த உறுத்தல் அடங்கிவிடும்.

நடப்பதையும் நான் விட்டுவிடவில்லை. தினமும் இருட்டும் நேரத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வேகமாகக் கிளம்புவேன். தெருமுனை திரும்பியதும் பருத்திப்பால் வண்டி நிற்கும். பருத்திப்பால் சளிக்கு நல்லது. குளிருக்கு இதம். கருப்பட்டியும் ஏலக்காயும் சேர்ந்தது உடம்புக்கு என்ன கெடுதல் செய்துவிடும்? ஒரு கிளாஸ் குடிப்பேன், இன்னொரு கிளாஸ் குடிப்பேன், நடந்த களைப்போடு வீட்டுக்கு வருவேன். பருத்திப்பால்காரர் வெள்ளைத்துரை நான் வரும் நேரத்தை வைத்து மணி பார்ப்பதாகச் சொன்னார்.

பொங்கல் நெருங்கியபோது என் பேண்ட்டில் கொக்கி மாட்ட முடியவில்லை. வீட்டிலேயே தையல்காரி இருக்கும்போது என்ன கவலை? "துவைச்சுத் துவைச்சுச் சுருங்கிப்போச்சு. கொஞ்சம் பிரிச்சு விடு" என்று நாகஜோதியிடம் கொடுத்தேன்.

அவள் அளவு நாடாவை என் இடுப்பைச் சுற்றிப் போட்டாள். ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி போட்டாள். "துணி சுருங்குனா நீளமும்ல சுருங்கும்" என்றாள்.

"கொள்ளு சில பேருக்கு உடம்பு வைக்குமாம். கம்பெனில பேசிக்கிட்டாங்க."

கயல் செல்போனிலிருந்து நிமிர்ந்தாள். "அப்பா, கொள்ளு குதிரைக்குப் போடுறது. குதிரை என்ன தொப்பையோடயா திரியுது?"

"நீ சும்மா இரு" என்றாள் நாகஜோதி. அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. தன் சமையலைத்தான் சந்தேகப்பட்டாள். உசிலம்பட்டியில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் செய்து, எங்கே தப்பு நடக்கிறது என்று நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். கொள்ளை நிறுத்தினாள். எண்ணெயைப் பாதியாக்கினாள். வாழைத்தண்டு, வெள்ளைப்பூசணி என்று இன்னும் நறுக்கும் வேலை அதிகமுள்ள காய்களாகப் பார்த்து வாங்கினாள். பொங்கல் துணிக்கு ஆட்கள் வாசலில் நிற்க, அவள் வாழைத்தண்டிலிருந்து நார் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் புதிதாகப் பிரித்துத் தைத்த பேண்ட்டில் வசதியாக மூச்சு விட்டுக்கொண்டு அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு நடக்கக் கிளம்பினேன்.

அந்த வருடம் மார்கழிப் பனியில் கயலுக்கு வழக்கமாக வரும் தும்மல் வரவில்லை. உட்கார்ந்து எழும்போது முதுகு பிடிக்காமல் இருக்கிறது என்றாள் நாகஜோதி. கம்பெனியில் ராஜேஷ்குமாருக்குக் கன்னம் இறங்கி, பத்து வயது குறைந்ததுபோல் ஆகியிருந்தது. யாருக்காக இந்தச் சமையலோ அந்த ஒருவனைத் தவிர எல்லாருக்கும் அது வேலை செய்தது.

காணும் பொங்கலுக்குக் கீழக்குயில்குடி போகலாம் என்று நாகஜோதி சொன்னாள். தையல் பாரம் இறங்கியிருந்தது. அங்கிருக்கும் சமணர் மலையில் ஏற வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நான் அதைக் கம்பெனியில் ராஜேஷ்குமாரிடம் உளறியிருந்தேன். அதன் விளைவு எனக்கு மலையில் தெரிந்தது.

அன்று தாமரைக் குளத்தைச் சுற்றி ஒரே கூட்டம். பாறையில் வெட்டிய படிகளில் நாகஜோதியும் கயலும் பேசிக்கொண்டே ஏறினார்கள். நானும் ஏறினேன். கொஞ்ச தூரத்தில் என் காதுக்குள் யாரோ உலக்கை போடுவது போல் கேட்டது. அது என் நெஞ்சு. காட்சியை ரசிப்பவனைப்போல உட்கார்ந்துவிட்டேன்.

"அப்பா, இன்னும் பாதி கூட வரல" என்றாள் கயல்.

அப்போதுதான் மேலே இருந்து ஒருவன் படிப்படியாகத் துள்ளி இறங்கி வந்தான். சட்டையை உள்ளே விட்டு, பெல்ட்டில் புதுத் துளை போட்டு இறுக்கியிருந்தான். பின்னால் மல்லிகைப் பூவும் பட்டுச் சேலையுமாக ஒரு பெண். நான் கையை ஆட்டினேன். அப்படியே திரும்பிப் போய்விடு என்பதற்காக ஆட்டியது. வரவேற்கிறேன் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

"அண்ணே, வாங்கண்ணே. இதான் ஹம்சா. அண்ணி, வணக்கம்."

ஹம்சவேணி என்னைத் தாண்டிப் போய் நாகஜோதியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஒங்களப் பாக்கணும்னு எம்புட்டு நாளாச் சொல்லிக்கிட்டு இருக்கேன். இவரு எங்கிட்ட மறைச்சுட்டாரு. போன வாரம் டெஸ்ட் எடுத்துப் பாத்து, நல்லாருக்குன்னு தெரிஞ்ச பெறகுதான் சொன்னாரு. இத்தன நாளா மத்தியானம் ஒங்க கைச் சாப்பாடுதானாம். நான் நல்லாருக்கேன்னா அது ஒங்களாலதான்க்கா."

நாகஜோதிக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் ராஜேஷ்குமாரைப் பார்த்தாள்.

"ஆமா அண்ணி. அந்த அகத்திக்கீரையில பாசிப்பருப்பு போட்டீங்க பாருங்க, கசப்பே தெரியல" என்றான் ராஜேஷ்குமார், மனப்பூர்வமாக. "துவையல்ல பூண்டக் கொறச்ச பெறகு இன்னும் நல்லா இருந்துச்சு. அன்னைக்கு வரகு, பூ மாதிரி உதிரி உதிரியா."

ஒவ்வொரு சொல்லும் அவளுக்குத் தெரிந்த சொல். அவள் என் பக்கம் திரும்பினாள். நான் சமணர் மலையின் பழமையைப் பற்றி யோசிப்பதுபோல் பாறையைப் பார்த்தேன்.

"நான் குடுத்துவிட்ட பொங்கல் அண்ணனுக்குப் புடிச்சிருந்துச்சாக்கா?" என்றாள் ஹம்சவேணி. "டப்பா தெனமும் வழிச்சுத் தொடச்ச மாதிரி வரும். எனக்கு அம்புட்டு சந்தோசம்."

நாகஜோதி நினைத்திருந்தால் அந்த இடத்திலேயே என்னைக் குளத்தில் தள்ளியிருக்கலாம். அவள் ஹம்சவேணியின் கையைத் தட்டிக் கொடுத்தாள். "புடிக்காம என்ன? நல்லாச் சாப்புட்டிருக்காரு. பாத்தாலே தெரியுதுல்ல" என்றாள். பிறகு அவர்கள் இருவரும் கயலும் பேசிக்கொண்டே மலை ஏறிப் போனார்கள். ராஜேஷ்குமாரும் இரண்டாம் முறையாக ஏறினான். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும்போது நாகஜோதி கயலின் ஸ்கூட்டியில் வந்தாள். வீட்டுக்கு வந்ததும் சேலைகூட மாற்றாமல் மெஷினில் உட்கார்ந்தாள். நான் வாசற்படியில் நின்றேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தி, கணக்கை நேர் செய்திருப்பேன்.

"ஜோதி, தப்புத்தான்."

"ராஜேஷ் தம்பி நல்லாருக்கட்டும். அதுல எனக்குக் கோவம் இல்ல."

"பெறகு?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஒங்க நாக்குன்னு நெனச்சு சந்தோசப்பட்டேன்ல. கீரை ஆயும்போது, இவருக்கு இது புடிக்கும், அது புடிக்கும்னு நெனச்சு நெனச்சு செஞ்சேன். அதான் வெக்கமா இருக்கு."

இத்தனை நாள் நான் சர்க்கரைப் பொங்கலைத் திருட்டுத்தனமாகச் சாப்பிட்டதாக மட்டும்தான் நினைத்திருந்தேன். வெட்கப்பட வேண்டியவன் நான், படுகிறவள் அவள் என்பதைத் தாங்க முடியவில்லை. சமாதானமாக நாலு வார்த்தை தேடினேன். பேசத் தெரிந்த வாயெல்லாம் ராஜேஷ்குமாருடையது போலிருந்தது.

"நாளைலருந்து ஒங்க டப்பாவ நீங்களே கட்டிக்கங்க. எனக்குத் தை முகூர்த்தத் துணி நெறைய இருக்கு" என்றாள்.

தை மாதம் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "பனிக்காலம் பூரா என்ன சாப்புட்டீங்க?" என்றார். "பிரசாதம்" என்றேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

நான் சமைக்க ஆரம்பித்ததை வீரம் என்று சொல்ல மாட்டேன். வேறு வழியில்லை. முதல் நாள் குதிரைவாலி பசையாகி, எங்கள் கம்பெனியில் அட்டை ஒட்டக்கூடிய பதத்தில் இருந்தது. "இது கஞ்சியாப்பா, சோறாப்பா?" என்றாள் கயல். கீரையில் மண் நறநறத்தது. மூன்று தண்ணீரில் அலச வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, அதாவது யாரிடமும் நான் கேட்டதில்லை. முருங்கைக்கீரையை உருவி முடிப்பதற்குள் கம்பெனிக்கு நேரமாகிவிட்டது. தினமும் இதையும் செய்துவிட்டு அவள் பகலெல்லாம் மெஷின் மிதித்திருக்கிறாள். வேப்பமரத்தடியில் டப்பாவைத் திறந்தேன். ராஜேஷ்குமார் எட்டிப் பார்த்தான். அவனுக்கு இப்போது ஹம்சவேணியே நாகஜோதியிடம் போனில் கேட்டுக் கேட்டுக் கீரை வைத்துத் தருகிறாள். அவன் தன் டப்பாவைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டான். நான் தப்பாக நினைக்கவில்லை.

தை கடைசியில் நாகஜோதிக்குச் சளி பிடித்துக் காய்ச்சல் அடித்தது. கல்யாண வீட்டுத் துணி கொடுக்க வேண்டிய நேரம். மெஷினை விட்டு எழ மாட்டேன் என்றாள். நான் தூதுவளை பறித்து வந்தேன். இலையின் பின்பக்கமும் முள் இருக்கும் என்பதை விரல்கள் வழியாகத் தெரிந்துகொண்டேன். மிளகும் சீரகமும் தட்டி ரசம் வைத்து, டம்ளரில் ஊற்றி, மெஷின் பக்கத்தில் வைத்தேன்.

அவள் ஒரு வாய் குடித்தாள். "முள்ள எடுத்தீகளா?"

"எடுத்தேன். பாதி என் கையில இருக்கு."

என் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். ஊசிப்பெட்டியிலிருந்து ஓர் ஊசியை எடுத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, ஒவ்வொரு முள்ளாகக் குத்தி எடுத்தாள். கொஞ்சம் வேண்டுமென்றே ஆழமாகக் குத்தியதாகத்தான் எனக்குப் பட்டது. எடுத்து முடித்துவிட்டு மிச்ச ரசத்தையும் குடித்தாள்.

"நாளைக்கு என்ன செய்யப் போறீக?"

"முடக்கத்தான் தோசை."

"அப்ப எனக்குக் கடையில ரெண்டு இட்லி வாங்கியாந்துருங்க."

மறுநாள் காலை இட்லி வாங்கக் கிளம்பினேன். "எங்க போறீக? கல்லு காயுது பாருங்க" என்று அடுப்படியிலிருந்து நாகஜோதியின் குரல் வந்தது. திரும்பிப் போய்த் தோசை ஊற்றினேன். முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது பிய்ந்து வந்தது. அதை அவள் தட்டில் போட்டேன். அவள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து அதைச் சாப்பிட்டாள். அடுத்ததற்குத் தட்டை நீட்டினாள்.